முன்பணம்: அமானிதமா, கடனா?



வாடகை வீட்டிற்குக் குடிபுகும்போது உரிமையாளரிடம் கொடுத்து வைக்கும் தொகைக்கு 'முன்பணம்' என்னும் நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆயினும் எங்கள் மறைமலை நகரில் அதை எவரும் அப்படிச் சொல்வதில்லை. இங்கே அது 'அட்வான்ஸ்'. தமிழர் அனைவருக்கும் அதன் பொருள் தெரியும்: வீட்டைக் காலி செய்யும் நாளில் திரும்பி வரவேண்டிய பணம். ஆனால் பீகாரிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ ஒரகடம் ஆலைகளுக்கு வேலைக்கு வரும் இளைஞர்கள் பலருக்கு இதே சொல் வேறொன்றைக் குறிக்கிறது. ஊரிலிருந்து அழைத்து வரும் ஒப்பந்தக்காரர் கையில் கொடுத்து, பின்னர்க் கூலியில் சிறுகச் சிறுகக் கழித்துக்கொள்ளும் தொகைதான் அவர்கள் அறிந்த அட்வான்ஸ். அது திரும்பி வருவதில்லை. தில்லிப் பக்கம் வாடகைக்கு இருந்தவர்கள் இதனைச் 'செக்யூரிட்டி' என்பார்கள். அங்கே அது ஒரு மாதமோ இரண்டு மாதமோதான். பத்து மாத வாடகையை முன்கூட்டியே வைக்கச் சொல்லும் வழக்கத்தைக் கேட்டு அவர்கள் முதலில் திகைக்கிறார்கள். பிறகு நான்கைந்து பேர் சேர்ந்து பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். காலி செய்யும்போது அதைக் கேட்டுப் பெறலாம் என்பதே தெரியாமல் சென்றவர்கள் எங்கள் தெருவில் உண்டு. அவர்கள் கேட்கவில்லை என்பதற்காகவே கொடுக்காமல் இருந்துவிட்டவர்களும் உண்டு. அப்படி இருந்துவிட்டவர்களுள் ஐவேளைத் தொழுகையாளிகளும் அடக்கம் என்பதால்தான் இதை இங்கே எழுத வேண்டியதாயிற்று.

மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய இவ்வூர், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திட்டமிட்டு உருவாக்கிய துணை நகரம். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு காலும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் ஒரு காலும் வைத்து நிற்கும் ஊர். ஆலைகள் திறக்கும்போது இங்கே வாடகை ஏறும். ஆலைகள் மூடும்போது என்ன நடக்கும் என்பதைக் கண்டவர்கள்தான் அறிவார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. எங்கள் ஊரின் அடையாளமாகவே இருந்த ஃபோர்டு நிறுவனம், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்து, மறு ஆண்டில் நிறுத்தியும் விட்டது. இத்தகைய நாட்களில் குடியிருப்போர் பலர் ஒரே சமயத்தில் காலி செய்வார்கள்; எல்லோருக்கும் அட்வான்ஸ் உடனே தேவைப்படும். அப்போதுதான் அந்தப் பணம் எந்த வீட்டிலும் இல்லை என்பது வெளிப்படும்.

ஏன் இல்லை? வாங்கிய அட்வான்ஸில் மாடி எழும்பியிருக்கும். மகளின் திருமணம் நடந்திருக்கும். வெளிநாட்டு விசாவுக்கு ஏஜெண்டிடம் சென்றிருக்கும். காலி செய்பவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை, அடுத்து வருபவர் கொண்டுவரும் தொகையிலிருந்துதான் வரவேண்டும். 'ஆள் வரட்டும், வாங்கித் தருகிறேன்' என்னும் சொல்லை வாடகை வீட்டில் இருந்த எவரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். ஆள் வந்துகொண்டே இருக்கும் வரையில் இதில் குறை ஒன்றும் தெரிவதில்லை. குளம் நிரம்பியிருக்கும்போது கரையின் உடைப்பு கண்ணுக்குப் படாது.

சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பதிலாக, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. எழுத்து மூலமான ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு ஆகியவற்றை அது கேட்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்கிறது. ஆனால் மாறான ஒப்பந்தம் இல்லாதபோது என்றொரு சொல்லையும் சேர்த்து வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் அந்தக் கதவின் வழியாகத்தான் நுழைகிறது. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டிற்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும், வீட்டைத் திரும்பப் பெறும் நாளிலேயே உரிய கழிவு போக மீதியைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னலுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் செலவு என்று அதன் அட்டவணை வகுத்திருக்கிறது. மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது அங்கே சட்டமாகும் என்பது வேறு. 'பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை' என்று கழித்துக்கொண்டு, அதன்பின் பெயின்ட் அடிக்காமலேயே அடுத்தவரைக் குடிவைக்கும் நம் வழக்கத்தின் மீது அந்த அட்டவணை ஒரு வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறது என்பதற்காகச் சொன்னேன்.

நம்மவர்களுக்கு வெளிநாட்டு வாடகை புதிதன்று. துபாயில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முறைக்கு 'எஜாரி' என்று பெயர். நம் மதரஸாக்களில் ஓதும் 'இஜாரா' என்னும் ஃபிக்ஹ் சொல்லின் வழிவந்தது அது. அங்கே ஆண்டு வாடகையில் நூற்றுக்கு ஐந்தை முன்பணமாக வைப்பது பொதுவான வழக்கம். தளவாடங்களோடு கூடிய வீடென்றால் நூற்றுக்குப் பத்து. ஒப்பந்தம் முடிந்தால் அதைத் திருப்பித் தரவேண்டும் என்று 2007-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டம் சொல்கிறது. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், வாடகைதாரரின் முன்பணத்தை அரசு ஏற்பளித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றின்கீழ் கொண்டுவர வேண்டும்; அதற்குரிய கெடு இப்போது 30 நாட்கள். உரிமையாளர் தம் விருப்பம்போல் விழுங்கிவிட முடியாது. ஆனால் இவையெல்லாம் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவருக்குத்தான். தேராவில் ஓர் அறையில் எட்டுக் கட்டில்களுள் ஒன்றில் 'பெட் ஸ்பேஸ்' எடுத்து இருக்கும் நம் சகோதரருக்கு எந்த எஜாரியும் இல்லை. அவர் முன்பணம் கொடுத்தது வீட்டு உரிமையாளரிடம் அன்று; அந்த வீட்டை எடுத்து அறை அறையாக, கட்டில் கட்டிலாகப் பிரித்துவிட்ட இன்னொருவரிடம். அவர் ஒருநாள் இரவோடு இரவாகத் தாயகம் திரும்பிவிட்டால் எட்டுப் பேரும் தெருவில்தான்.

அப்படிக் கட்டிலில் இருந்து சேர்த்த திர்ஹம்களால் கட்டிய வீடுகள் எங்கள் தெருவில் பல. அவற்றின் மாடிகளில் இப்போது ஒடிசாக்காரரும் அசாமியரும் அதே போலத் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு இது அந்நிய நாடு. மொழி அந்நியம், எழுத்து அந்நியம், சாம்பார் அந்நியம்.

இனி மார்க்கத்திற்கு வருகிறேன். முன்பணத்தை நாம் பேச்சில் 'அமானிதம்' என்கிறோம். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருக்குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம் 58-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்ட வேளையில், தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே அலீ (ரலி) அவர்களைப் பின்னே நிறுத்திச் சென்றார்கள் என்பதை நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்டிருக்கிறோம். அந்தப் பொருள்களின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் அவர்களை ஊரைவிட்டு விரட்டிய சமூகத்தைச் சேர்ந்தவர்களே.

ஆனால் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருமுறை மற்றொரு கோணத்தைக் காட்டினார். அமானிதம் என்றால் அதைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். செலவழிக்க அனுமதியுடன் வாங்கிய பணம் அமானிதமாக நிற்பதில்லை, அது கடனாகிவிடுகிறது என்றார். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. அமானிதப் பொருள் ஒருவரின் கவனக்குறைவு இல்லாமல் களவு போனால் அவர் மீது பொறுப்பு இல்லை. கடனோ எது நடந்தாலும் கழுத்தில் தொங்கும். வெள்ளம் வந்தாலும், வியாபாரம் நொடித்தாலும், 'அடுத்த ஆள்' வராவிட்டாலும் அது தீர்வதில்லை. கடனைத் தீர்க்க வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபிமொழி இருக்கிறது. நான்கு போர்ஷன்களின் வாடகையை மாதந்தோறும் பெறும் ஒருவர் வசதியற்றவர் என்னும் வகையில் சேர்வாரா என்பதை அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

கடன் என்று வந்துவிட்டால் போக்கியத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க இயலாது. ஐந்து இலட்சமோ எட்டு இலட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றி வசித்து, முடிவில் முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் முறை இது. தென்மாவட்டங்களில் ஒத்தி என்பார்கள். எங்கள் வட்டாரத்து ஆலைகளில் பணிபுரியும் கொரியர்களின் நாட்டில் 'ஜொன்ஸே' என்ற பெயரில் இதே முறை பெரிய அளவில் நடக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வீட்டு விலையில் பாதிக்கும் மேலான தொகையை இரண்டு ஆண்டுகளுக்கு வைத்துவிட்டு அங்கே வாடகையின்றி இருப்பார்கள். அங்கும் உரிமையாளர் பணத்தைச் செலவழித்துவிட்டு அடுத்தவரின் பணத்தை எதிர்பார்ப்பதே வழக்கம். வீட்டு விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு மூழ்கியது. மோசடிகள் வெளியாகி, சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2023-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. நம் ஆலிம்களில் பலர் போக்கியத்தைக் கூடாது என்பதற்குக் காரணம் இந்த ஆபத்து மட்டுமன்று. கொடுத்த கடனுக்கு ஈடாக வாடகையில்லா வசிப்பு என்னும் ஆதாயம் கிடைப்பதால் அதில் வட்டியின் சாயல் இருக்கிறது என்கிறார்கள். அட்வான்ஸைக் கூட்டி வாடகையைக் குறைத்துக்கொள்ளும் பேரமும் அதே கேள்வியின் கீழ் வரும். முன்பணத்துக்கு யார் ஸகாத் கொடுப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவரவர் ஆலிமிடம் கேட்டறிந்துகொள்க.

2:283-ஆம் வசனத்தை ஓதும்போது இப்போதெல்லாம் நான் சற்று நிற்பதுண்டு. அதற்கு முந்தைய வசனம், குர்ஆனிலேயே நீளமானது, கடனை எழுதி வைக்கச் சொல்கிறது. அதையடுத்து இது பயணத்தில் இருப்பவரைப் பற்றிப் பேசுகிறது: எழுதுபவர் கிடைக்காதபோது ஈடாக ஒரு பொருளைக் கையில் ஒப்படைக்கலாம் என்கிறது. ஈடு பெறுதல் என்னும் ஏற்பாடே, எழுதித் தர ஆளில்லாத வழிப்போக்கனை முன்னிறுத்தித்தான் அங்கே சொல்லப்படுகிறது. எங்கள் மாடியில் இருப்பவர்களும் அப்படிப்பட்டவர்களே. அவர்களுக்காகத் தமிழில் எழுதித் தர ஆளில்லை. எழுதித் தந்தாலும் படிக்க இயலாது.

என் அத்தா 2023-இல் வஃபாத்தானார்கள். ஆலையொன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்து, கிடைத்த மனையில் கீழே நாங்கள் குடியிருக்க ஒரு வீடும், பக்கவாட்டில் இரண்டு போர்ஷனும், தெருவைப் பார்த்து ஒரு கடையும், மேலே ஒரு பெரிய அறையும் கட்டியிருந்தார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு முன்பு, நம் வழக்கப்படி, பெரியத்தா முன்னே வந்து அறிவித்தார்கள்: மர்ஹூம் அவர்கள் யாருக்கேனும் கடன் பட்டிருந்தால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அல்லது அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள். கூட்டத்தின் கடைசியில் மாடியறையின் ஐந்து இளைஞர்களும் கைகட்டி நின்றார்கள். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்ததால் ஆலைச் சீருடையைக்கூடக் கழற்றவில்லை. பெரியத்தா சொன்னதில் ஒரு சொல்லும் அவர்களுக்கு விளங்கியிருக்காது. கடன்பட்டிருந்த மூன்று தீனார்களுக்காக ஒருவரின் ஜனாஸாத் தொழுகையை நடத்தாமல் நபி (ஸல்) அவர்கள் விலகி நின்றதும், அந்தக் கடனை அபூ கத்தாதா (ரலி) அவர்கள் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்ததும் நாம் அறிந்ததே. அந்த அறிவிப்பு ஒரு சடங்கன்று. கடன் கொடுத்தவர் காதில் விழுந்தால்தான் அது அறிவிப்பு.

பத்து நாள் கழித்துப் பெட்டியிலிருந்து அத்தாவின் நோட்டை எடுத்தோம். எல்லாம் எழுதியிருந்தார்கள். முதல் போர்ஷன் 75,000. இரண்டாம் போர்ஷன் 60,000. கடை 1,50,000. மாடியறை 50,000, அதன் கீழே தனியாக ஒரு வரி: 'ஜார்க்கண்ட் பையன் 10,000 தரணும்', பக்கத்தில் ஒரு கைப்பேசி எண். கூட்டினால் 3,45,000 ரூபாய். வங்கியில் இருந்தது 41,000. மற்றதெல்லாம் செங்கல்லாகவும் சிமென்டாகவும் எங்கள் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

அண்ணன் துபாயிலிருந்து வந்திருந்தார். அவருக்கு அப்போது பண நெருக்கடி; சொத்தைப் பிரித்துக் கடையைத் தம் பங்கில் எழுதிக்கொண்டு விற்றுவிட எண்ணினார். அம்மாவுக்கு எட்டில் ஒன்று, மீதியை ஐந்தாக்கி எங்கள் இருவருக்கும் இரண்டிரண்டு, தங்கைக்கு ஒன்று என்று கணக்கும் போட்டு வைத்திருந்தார். கணக்கில் பிழையில்லை. அட்வான்ஸைப் பற்றி அவர் சொன்னதும் ஊரில் எல்லோரும் சொல்வதே: அவர்கள் காலி செய்யும்போது அடுத்தவரிடம் வாங்கிக் கொடுத்தால் போயிற்று, இதுவரை அப்படித்தானே நடந்தது. இத்தாவில் இருந்த அம்மா திரைக்குள்ளிருந்து எதுவும் சொல்லவில்லை. தங்கைதான் கேட்டாள்: "நாளைக்கே அஞ்சு பேரும் காலி பண்ணினா, அத்தா கடனை யாருண்ணா கட்டுறது? யார் பங்குல விழும்?"

மரண சாசனமும் கடனும் போக எஞ்சியதே வாரிசுகளின் பங்கு என்று 4-ஆம் அத்தியாயத்தின் 11, 12-ஆம் வசனங்கள் மீண்டும் மீண்டும் சொல்கின்றன. அன்று மஃரிபுக்குப் பின் ஹஜ்ரத்திடம் சென்றோம். அவர் தீர்ப்பெதுவும் சொல்லவில்லை. ஸுபைர் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னார். ஸஹீஹுல் புகாரியில் 3129-ஆம் எண்ணில் அது விரிவாக உள்ளது. இதைப் படிக்கும் பலருக்குத் தெரிந்திருக்கலாம். அட்வான்ஸ் வாங்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டிய ஹதீஸ் என்பதால் இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன்.

மக்கள் தம் பணத்தை ஸுபைர் (ரலி) அவர்களிடம் பாதுகாக்கக் கொண்டுவருவார்கள். அவர் அதை அமானிதமாக ஏற்க மாட்டார். தொலைந்துபோகும் என அஞ்சுவதால் கடனாகவே வாங்கிக்கொள்கிறேன் என்பார். தொலைந்தால் கொடுத்தவருக்கு நட்டம் வரக்கூடாது என்பதற்காகத் தாமே விரும்பிப் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டார். ஹிஜ்ரி 36-இல் ஜமல் போரின் நாளில் அவர் கொல்லப்பட்டபோது அந்தக் கடன் 22 இலட்சமாக நின்றது. பொற்காசோ வெள்ளிக்காசோ அவர் விட்டுச் செல்லவில்லை. நிலங்களும், மதீனாவில் பதினொன்று, பஸ்ராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, எகிப்தில் ஒன்று என வீடுகளும் இருந்தன. சொத்தாக நிறைய, ரொக்கமாக ஒன்றுமில்லை. எங்கள் நிலையை ஆயிரம் மடங்கு பெருக்கியது போல.

மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், தந்தை 1,70,000-க்கு வாங்கியிருந்த ஃகாபா நிலத்தை 16 இலட்சத்திற்கு விற்று அடைக்கத் தொடங்கினார். கடன் கொடுத்தவர்களுள் ஒருவரான அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியது நான்கு இலட்சம். நீங்கள் விரும்பினால் அதை விட்டுவிடுகிறேன் என்றார் அவர், மகன் ஏற்கவில்லை. அப்படியானால் கடைசியில் கொடுங்கள் என்றார்; அதற்கும் உடன்படாமல், அதே நிலத்தில் அவருக்குரிய பங்கை அளந்து கொடுத்தார். கடன் முழுவதும் தீர்ந்தபின் உடன்பிறந்தோர் பங்கு கேட்டார்கள். அப்போதும் பிரிக்கவில்லை. ஸுபைரிடம் எவருக்கேனும் கடன் வரவேண்டியிருந்தால் எம்மிடம் வந்து பெற்றுக்கொள்க என்று நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு ஹஜ்ஜுப் பருவத்திலும் அறிவித்தார். எல்லாத் திசைகளிலிருந்தும் எல்லா ஊராரும் வந்து கூடும் இடம் அது. எவருக்கும் எட்டாமல் போகாத இடத்தைத் தேடி அறிவித்தார். அதன் பின்னரே பங்கு பிரித்தார்.

வீட்டிற்குத் திரும்பும் வழியில் அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தேராவில் தாம் முதன்முதலில் தங்கிய அறையைப் பற்றிச் சொன்னார். அங்கே ஒரு மலையாளியிடம் 900 திர்ஹம் முன்பணம் கொடுத்திருந்ததையும், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தபோது அறை பூட்டிக் கிடந்ததையும் எங்களில் எவருக்கும் அவர் அதுவரை சொன்னதில்லை. "கேக்கறதுக்கு ஒரு ஆபீஸ் கிடையாது, ஒரு ரசீது கிடையாது தம்பி. அரபி தெரியாது, இங்கிலீஷும் அப்ப வராது" என்றார். கடையை விற்கும் பேச்சு அத்துடன் நின்றது.

அட்வான்ஸ் தொகை முழுவதும் சேரும் வரை பங்கு பிரிப்பதில்லை என்று முடிவாயிற்று. அத்தா மறைந்த நாளிலிருந்து வரும் வாடகை வாரிசுகள் அனைவருக்கும் உரியது. ஆகவே நால்வரின் சம்மதமும் வேண்டும் என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார். நால்வரும் சம்மதித்தோம். வாடகையாக வரும் 35,500 ரூபாயில் அம்மாவின் செலவுக்கும் வரிக்கும் எடுத்ததுபோக மாதம் 25,000 தனிக் கணக்கில் போட்டோம். பதினான்காம் மாதத்தில் 3,45,000 நிறைந்து, சிறிது மிஞ்சியது. அக்கணக்கு இன்றும் தனியாக இருக்கிறது. யார் காலி செய்தாலும் சாவியைக் கொடுக்கும் அன்றே பணம் போய்விடும். இதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், இப்படிச் செய்தால் அட்வான்ஸ் வாங்குவதில் என்ன பயன் என்று கேட்டார். பத்து மாதம் வாங்குவதில் பயன் இல்லைதான். அதனால் இப்போது மூன்று மாதத்திற்கு மேல் நாங்கள் வாங்குவதில்லை.

மாடியறையின் 50,000 மட்டும் எளிதாக முடியவில்லை. 2019-இல் எழுதிய அந்த வரியில் இருந்தது ஒடிசாவைச் சேர்ந்த ஒருவரின் பெயர். இப்போது அறையில் இருக்கும் ஐவருள் எவரும் அவர் அல்லர். அவர் சென்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. தொலைபேசியில் பிடித்தபோது அவர் சிரித்தார்: "பாய், என் பங்கை நான் கிளம்பும்போதே வாங்கிவிட்டேனே!" அந்த அறையின் நடைமுறை எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. போகிறவரின் பத்தாயிரத்தை வருகிறவர் அவர் கையில் கொடுத்துவிடுவார். உரிமையாளருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. கட்டில் கைமாறுவது போலவே அட்வான்ஸும் கைமாறும். ஆறு ஆலைகள், பத்து ஒப்பந்தக்காரர்கள், ஆண்டுக்கு இருமுறை மாறும் ஆட்கள். அந்த ஐம்பதாயிரம் மட்டும் அத்தாவின் நோட்டில் ஒரே பெயரில் அசையாமல் கிடந்தது. சட்டப்படி பார்த்தால் அந்தப் பெயருக்கு மட்டுமே கடமைப்பட்டவர்கள் நாங்கள். இப்போது இருப்பவர்கள் வெறுங்கையுடன் போயிருந்தாலும் எந்தத் தாளும் எங்களைக் கேட்டிருக்காது.

ஓரிரவு ஐவரையும் அமர்த்தி, யார் எப்போது யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று என் அரைகுறை இந்தியில் கேட்டு எழுதினேன். ஒவ்வொருவர் பெயரிலும் 10,000. தங்கை அதைக் கணினியில் இந்தியிலும் தமிழிலுமாக அச்சிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். 'இது முன்கூட்டிய வாடகை அன்று. நீங்கள் போகும்போது திரும்பப் பெற வேண்டிய உங்கள் பணம்' என்ற வரியைப் படித்ததும் அவர்களுள் இளையவன் மற்றவர்களைப் பார்த்தான். அவன் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வாடகையில் கழிந்துகொண்டிருக்கிறது என்றே அதுவரை நினைத்திருந்தானாம். பிறகு ஆள் மாறும்போதெல்லாம் பழைய தாளைக் கிழித்துப் புதிய தாள் கொடுக்கிறோம்; பணம் எங்கள் வழியாகவே கைமாறுகிறது.

எஞ்சியது அந்தத் தனி வரி. 2020 மே மாதத்தில், ஊரடங்கின்போது ஓடிய சிறப்பு ரயில்களில் ஒன்றில் இருவர் கிளம்பிப் போனார்கள். சில மாதம் கழித்து அவர்களின் இடத்திற்கு வந்த இருவர் தம் பங்கை அத்தாவிடமே கொடுத்தார்கள். போனவர்களுள் ஒருவருக்கு அத்தா அனுப்பிவிட்டார்கள். மற்றவரின் எண் அணைந்திருந்தது. அந்த எண்ணை நாங்களும் எத்தனையோ முறை அழைத்துவிட்டோம். இப்போது அது யாரோ ஒரு பெண்மணியிடம் இருக்கிறது, அவர் உத்தரப் பிரதேசத்தவர். தேடி ஓய்ந்தபின் உரியவரின் பெயரால் தர்மம் செய்யலாம், ஆனால் அவர் என்றேனும் வந்து கேட்டால் மீண்டும் கொடுத்தாக வேண்டும் என்றார் ஹஜ்ரத். தேடி ஓய்வது என்றால் எவ்வளவு தேடுவது என்று அண்ணன் கேட்டதற்கு, நான்கு ஹஜ் என்று தங்கை முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அத்தா நோட்டின் இன்னொரு பக்கத்தில், வாடகைக் கணக்கின் நடுவே, அவருடைய ஊர்ப் பெயர் இருந்தது. பலாமு மாவட்டத்தில் ஏதோ ஒரு கிராமம். சென்ற மாதம் மாடிக்குப் புதிதாக வந்தவர்களுள் ஒருவர் அதற்கு அடுத்த மாவட்டத்துக்காரர். சத் பூஜைக்கு ஊருக்குப் போகும்போது விசாரித்து வருவதாகச் சொல்லி, பெயரையும் ஊரையும் எழுதிய சீட்டைத் தம் ஆதார் அட்டையின் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.